மணியடித்த பின் வகுப்புக்கு வந்த மாணவர்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்குச் சமுதாயத் தலைவர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு கழகத்தார் என்னைப் பணித்தனர். எந்தத் தலைவர் என்பதை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர். அண்ணல் அம்பேத்கர் அவர்களைப் பற்றி எழுத அன்பர்கள் பலர் உளர். ஆதலின் யான் இரட்டைமலை சீனிவாசனாரைத் தேர்ந்துகொண்டேன். அவர் ஆற்றிய தொண்டுகள் பல. எனினும் அவருடைய வாழ்க்கையில் என் நெஞ்சை விட்டு அகலாத பகுதி, அவர் கோயமுத்தூர்க் கலாசாலையில் மாணவராக இருந்த நாட்களே ஆகும். இவ்வாண்டு மேனிலைத் தேர்வில் வெற்றி பெற்று, இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிருஷ்ணன்கோவிலிலும் மதுரையிலும் கல்லூரி வாயிலை முதன்முறையாக மிதிக்கவிருக்கும் நம் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதனை எழுதுகின்றேன்.

சீனிவாசனார் 1859ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள், செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். சாதிக் கொடுமை தாங்கமாட்டாது அக்குடும்பம் ஊரை விட்டுப் பெயர்ந்து தஞ்சைக்குச் சென்றது. பின்னர்க் கோயமுத்தூருக்குக் குடியேறிற்று. பிறந்த ஊரில் ஒருவன் இன்ன தெருவான், இன்னார் மகன் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். அயலூரில் அது தெரியாது. அவ்வாறு தெரியாதிருப்பது ஒருவகையில் விடுதலைதான். ஆயினும், எந்த நேரத்தில் தெரிந்துவிடுமோ என்னும் அச்சம் உடன் வந்து, அந்த விடுதலையைச் சிறுகச் சிறுக அரித்துவிடுகின்றது.

கோயமுத்தூர்க் கலாசாலையில் சீனிவாசனார் சேர்ந்து பயின்ற காலத்தில் அங்கே ஏறத்தாழ 400 மாணாக்கர் படித்தனர். அவர்களுள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமண வகுப்பினர். சாதிக் கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்ட காலம் அது. நட்புக் கொண்டால் உடன்படிப்போர் ஊரைக் கேட்பர், குடும்பத்தைக் கேட்பர், இருக்கும் தெருவைக் கேட்பர், கேட்டு அறிந்த பின்னர்த் தாழ்வாக நடத்துவர் என்று அவ்விளைஞர் அஞ்சினார். அதனால் அவர் ஒரு வழி கண்டார். காலையில் கலாசாலைக்கு வந்தாலும் உள்ளே நுழைவதில்லை. வெளியே எங்கேனும் ஓரிடத்தில் அமர்ந்து புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பார். வகுப்புத் தொடங்கும் மணி அடித்த பிறகே உள்ளே செல்வார். மாலையில் வகுப்புக் கலைந்ததும், உடன் படிப்போர் எவரும் எட்டிப் பிடித்துப் பேச்சுக் கொடுக்க இயலாதபடி விரைந்து நடந்து வீடு சேர்ந்துவிடுவார். பிற பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாத கொடுமையை எண்ணியெண்ணி மனங்கலங்குவார். இந்த நெருக்கடியை எவ்வாறு கடப்பது என்று சிந்திப்பார்.

இளைஞர்களே, இச்செய்தியைச் சற்று நின்று கவனிக்க வேண்டுகின்றேன். இந்நிகழ்ச்சியில் அவரை அடித்தவர் எவருமில்லை, ஏசியவரும் இல்லை. நேரவிருப்பதை முன்கூட்டியே எண்ணி, ஓர் இளம்பிள்ளை தன்னைத் தானே ஒதுக்கி வைத்துக்கொள்ள நேர்ந்தது. பாடம் கடினம் என்றோ, ஆங்கிலம் புரியவில்லை என்றோ அவர் வருந்தியதாக அறியோம். வகுப்பு நடக்கும் நேரம் அவருக்குத் துன்பமன்று. முதல் மணிக்கு முந்திய கால்மணி நேரமும், கடைசி மணிக்குப் பிந்திய கால்மணி நேரமுமே அவருக்குப் பெருந்துன்பம். கல்லூரி வாழ்க்கையை அறிந்தவர்கள், நட்பு என்பது பிறப்பதெல்லாம் அந்தக் கால்மணி நேரங்களில்தான் என்பதை ஒப்புக்கொள்வர்.

இது 150 ஆண்டுகளுக்கு முந்திய கதை என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டா. என் கதையையே சொல்கின்றேன். நான் இளங்கலை முதலாண்டு படித்தபோது பேருந்தில் கல்லூரிக்குச் சென்று வருவேன். வகுப்புத் தோழன் ஒருவன், நல்லவன், என் ஊர்வழியே செல்பவன். ஒருநாள் என் வீடு எங்கே என்று கேட்டான். பேருந்து நிலையத்தின் பக்கம் என்றேன். பேருந்து நிலையத்தின் பக்கம் எங்கள் வீடு இல்லை. அன்று முதல் அவனோடு வரும் நாட்களிலெல்லாம் நான் பேருந்து நிலையத்தில் இறங்கி, அவன் சென்ற பேருந்து கண்மறைந்த பின்னர், ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் நடந்து எங்கள் தெருவுக்கு வருவேன். இவ்வாறு ஓராண்டு நடந்தது. இரண்டாம் ஆண்டில் அவன் தானாகவே அறிந்துகொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய நட்பும் குறையவில்லை. அவன் வேறு விதமாக நடந்திருந்தாலும் நடந்திருப்பான். அப்படி நடந்தவர்களையும் கண்டிருக்கின்றேன். ஆதலின் நான் அஞ்சியது மடமை என்று கூற என் நா எழவில்லை.

என்னைவிட வருந்தத்தக்க கதை என் மாணவன் ஒருவனுடையது. பத்தாம் வகுப்பிலும் மேனிலையிலும் எங்கள் பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்றவன். தாய் மாந்தோப்பில் கூலிவேலை செய்பவர். கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் மாதத்தில் அவன் படிப்பை விட்டுவிட்டான். கட்டணம்தான் காரணம் போலும் என எண்ணி விசாரித்தேன். கட்டணம் காரணமன்று. உதவித்தொகை விண்ணப்பத்தில் கையொப்பமிட வேண்டியவர்களின் பெயர்களை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி வாசித்திருக்கின்றனர். அதுவரை ஒரே விசிப்பலகையில் அமர்ந்திருந்தவர்கள் மறுநாள் சற்றுத் தள்ளி அமர்ந்தனராம். அவனுக்கு அவ்வளவே போதுமானதாயிருந்தது. அவனுடைய தாய் என் வீட்டு வாசலில் நின்று, மகனுக்குப் புத்தி சொல்லுங்கள் ஐயா என்று அழுதார். நான் புத்தி சொன்னேன், அவன் தலைகுனிந்து கேட்டான், போகவில்லை. இன்று இராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் இரவுப்பணி பார்க்கின்றான். என்னைச் சாலையில் கண்டால் மறுபுறம் ஒதுங்குகின்றான். அன்று நான் அவனுக்குத் தேர்வையும் வேலையையும் பற்றிப் பேசினேனேயன்றி, கோயமுத்தூரில் வெளியே அமர்ந்து படித்த பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். படிப்புக்குப் பின்னர்ச் சீனிவாசனார் நீலகிரியில் ஐரோப்பியர் நடத்திய வணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றினார். 1887ஆம் ஆண்டில் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். அயோத்திதாசப் பண்டிதர் இவருடைய சகோதரியின் கணவர் என்பது பலரும் அறிந்ததே. 1890ஆம் ஆண்டில் நீலகிரியை விட்டுச் சென்னைக்கு வந்தார். கைநிறையச் சம்பளம் பெற்று ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். ஒதுங்கி வாழும் கலையைத்தான் இளமையிலேயே நன்கு கற்றிருந்தாரே!

சென்னைக்கு வந்த அவர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையையும் பழைய வரலாற்றையும் ஆராய்வதில் ஈடுபட்டார். பறையர் மகாசன சபை தோன்றியது. 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் ஓர் இதழைத் தொடங்கினார். நான்கே பக்கம்; விலை இரண்டணா; திங்கள் இதழ். தொடக்கச் செலவு பத்து ரூபாய். இதழின் பெயர் 'பறையன்' என்பது.

எந்தச் சொல்லைப் பிறர் அறிந்துவிடுவரோ என்று அஞ்சி மாலைதோறும் விரைந்து நடந்தாரோ, அந்தச் சொல்லையே, தம் 34ஆம் வயதில், இதழின் நெற்றியில் அச்சடித்து இரண்டணாவுக்கு விற்றார். அச்சொல்லைப் பெயராகச் சூட்டுவது இழிவு என நம்மவரிலேயே கருதியோர் இருந்தனர். அயோத்திதாசப் பண்டிதர் பூர்வத் தமிழர் என்ற பெயரை விரும்பியவர். மைத்துனர் இருவரும் இப்பொருளில் மாறுபட்டே நின்றனர். இன்னார் செய்ததே சரி என்று தீர்ப்புரைக்க நான் முன்வரவில்லை. இரண்டு வழிக்கும் காரணம் உண்டு. சீனிவாசனாரின் எண்ணம் இதுவாகும்: ஒரு சமூகத்தைச் சேர்ந்தவன், தான் இன்னான் என்று அஞ்சாமல் முன்வந்து கூறாதவரை, அச்சமூகத்திற்குரிய உரிமையை எவரிடத்தும் கேட்டுப் பெற இயலாது; மறைந்து வாழ்பவன் தனக்கு மட்டும் இடம் தேடிக்கொள்வான், தன் மக்களுக்கு இடம் தேடமாட்டான். இவ்வெண்ணம் ஏட்டில் கற்றதன்று. மறைந்து வாழ்ந்து பார்த்தவருக்கே அது தோன்றும்.

முதல் இதழ் சென்னையில் இரண்டே நாட்களில் ஏறக்குறைய 400 படிகள் விற்றது. கலாசாலையில் அவர் கண்டு ஒதுங்கிய மாணாக்கரின் தொகையும் 400 என்பது தற்செயலாக அமைந்த ஒற்றுமை. ஆயினும் கணக்கரான அவர் அதனைக் கவனித்திருப்பார் என்றே நினைக்கின்றேன். மூன்று மாதங்களில் அது வார இதழாயிற்று. பின்னர்ச் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. இதழில் வெளிவந்த கடிதம் ஒன்றன் பொருட்டு 1896ஆம் ஆண்டில் வழக்குத் தொடரப்பட்டு, நூறு ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. நம் மக்கள் நீதிமன்றத்திற்குப் பணமுடிப்புடன் திரண்டு வந்து அத்தொகையைச் செலுத்தினர். நூறு ரூபாய் அந்நாளில் ஏழைக் குடும்பம் ஒன்று ஓராண்டு உண்ணும் பணம். தனித்து நடந்த மாணவர், தம்மைச் சுற்றி இத்துணை மக்கள் நிற்கக் கண்ட நாள் அதுவாக இருக்கலாம்.

1900ஆம் ஆண்டில், இங்கிலாந்து சென்று நம் மக்களின் குறைகளை அங்கே எடுத்துரைக்கும் நோக்குடன் கப்பலேறினார். எண்ணியபடி அப்பயணம் முடியவில்லை. ஆப்பிரிக்காவில் தங்கி, நேட்டால் நாட்டில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். காந்தியடிகள் அங்கே வழக்கறிஞராக இருந்த காலம் அது. அவருக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக்கொடுத்தவர் சீனிவாசனார் என்பர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அயல்நாட்டில் கழிந்தன.

தாயகம் திரும்பிய பின், 1923ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு அங்கே அவர் கொண்டுவந்த தீர்மானம், நம் கழக உறுப்பினர் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகும். எந்த நகரத்திலும் எந்தச் சிற்றூரிலும் உள்ள பொதுச்சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடப்பதற்குத் தடையில்லை. பொது அலுவலகம், பொதுக்கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம், பொதுக்காரியம் நடக்கும் கட்டடம் ஆகியவற்றுக்குள் செல்வதற்கும் தடையில்லை என்பதே அத்தீர்மானத்தின் சாரம். அது நிறைவேறி, 1924ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25ஆம் நாள் அரசாணையாகவும் வெளிவந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் அப்பொழுது இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆண்டாள் கோயில் கோபுரத்தைச் சுற்றியுள்ள வீதிகளுக்கும், இராஜபாளையத்தின் கடைத்தெருவுக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிற்றூர்களின் குளக்கரைகளுக்கும் அவ்வாணை பொருந்தும். ஆணை வந்த மறுநாளே எல்லாத் தெருவும் திறந்துவிடவில்லை. நம் முதியோரைக் கேட்டால், எந்தத் தெருவில் எந்த ஆண்டுவரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தனர் என்பதை இன்றும் கூறுவர். எனினும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் எடுத்துக்காட்ட ஒரு காகிதம் கிடைத்தது. அதனைப் பெற்றுத் தந்தவர், கலாசாலையிலிருந்து வீட்டுக்குச் செல்லும் தெருவில் தலைநிமிர்ந்து மெல்ல நடக்க இயலாதிருந்தவர்.

1930ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாட்டுக்கு, ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் இருவர் சென்றனர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர். அப்பொழுது அவருக்கு 39 வயது. மற்றவர் சீனிவாசனார், அவருக்கு 71 வயது. வயதால் தந்தையும் மகனும் போன்ற அவ்விருவருக்கும் பொதுவான அனுபவம் ஒன்று இருந்தது. 1908ஆம் ஆண்டில் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்த அம்பேத்கருக்கு, அங்கிருந்த சிற்றுண்டிக் கடைக்காரர் தேநீரோ குடிநீரோ தருவதில்லை. பேராசிரியர் முல்லர் என்பவர் புத்தகமும் உடையும் தந்து ஆதரித்தார். 1913ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோதும், முதலில் சேர்ந்த விடுதியின் உணவு ஒவ்வாமல் இடம் மாறி, மீண்டும் மாறி, நாவல் பதேனா என்னும் பார்சி மாணவரோடு ஓர் அறையில் தங்கிய பிறகே நிலைகொண்டார். பதேனா அவருக்கு வாழ்நாள் நண்பரானார். அம்பேத்கருக்குக் கிடைத்த முல்லரும் பதேனாவும் கோயமுத்தூரில் சீனிவாசனாருக்குக் கிடைக்கவில்லை. அத்தகைய ஒருவர் கிடைத்திருந்தால், அவர் மணியடிக்கும் முன்னரே உள்ளே சென்றிருப்பார். இதைப் படிக்கும் மூன்றாமாண்டு மாணவர்களும், நம்முள் கல்லூரி ஆசிரியர்களாக இருப்பவர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

மாநாட்டை ஒட்டி மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அளித்த விருந்தில் நடந்ததைச் சீனிவாசனார் பிற்காலத்தில் குறித்து வைத்துள்ளார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் வினவினார். நம் நாட்டில் தாழ்த்தப்பட்டவன் ஒருவன் தெருவில் விழுந்து கிடந்தால், மேற்சாதியார் தொட்டுத் தூக்கமாட்டார் என்று இவர் விளக்கினார். மன்னர் திடுக்கிட்டார். அவ்விருந்துக்கு இவர் தம் சாதிப்பெயரும், தாம் தீண்டத்தகாதவர் என்பதும் எழுதிய அட்டையை மார்பில் அணிந்து சென்றார் என்றும், மன்னர் கைநீட்டியபோது தம் நிலையைக் கூறித் தயங்கினார் என்றும் மக்கள் வழங்குவர். அட்டைக் கதை எவ்வாறாயினும் ஆகுக. உலகின் பெரும்பகுதியை ஆண்ட மன்னருக்கு எதிரே நின்று, தம் தெருவின் பெயரைத் தாமே சொன்னார் என்பது உறுதி.

அடுத்த மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1932ஆம் ஆண்டு பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் இவரும் ஒருவர். ராவ்சாகிப், ராவ்பகதூர் என்னும் பட்டங்களைத் தொடர்ந்து 1936ஆம் ஆண்டில் திவான் பகதூர் பட்டமும் வந்தது. இவற்றை விரித்துரைக்க நான் விரும்பவில்லை. பட்டங்களின் பட்டியல் நூலகத்தில் கிடைக்கும்.

1939ஆம் ஆண்டில், எண்பது வயதில், அவர் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' என்பது அதன் பெயர். மிகச் சிறிய நூல். இலண்டன், ஆப்பிரிக்கா, சட்டமன்றம், மன்னர், மகாத்மா அனைத்தையும் அந்தச் சில பக்கங்களில் அடக்க வேண்டியிருந்தது. அத்தகைய நெருக்கடியான இடத்திலும், கலாசாலைக்கு வெளியே மணிக்காகக் காத்திருந்ததையும் மாலையில் விரைந்து நடந்ததையும் அவர் விட்டுவிடவில்லை. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அந்த மணியோசை அவர் செவியில் இருந்தது போலும்.

நம் பிள்ளைகள் கல்லூரியில் பெறும் உதவித்தொகை 1944ஆம் ஆண்டில் மைய அரசால் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு, 1945 செப்டம்பர் 18ஆம் நாள், சீனிவாசனார் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியாயிற்று.

அவருடைய நூலின் மறுபதிப்பு ஒன்றை நம் கழக நூலகத்தில் சேர்த்திருக்கின்றேன். ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். நூலகம் மாலை ஆறு மணிக்குத் திறக்கின்றது. இரவுப்பணிக்குச் செல்வோரும் போகும் வழியில் வந்து எடுத்துச் செல்லலாம். பேரேட்டில் பெயர் எழுதினால் போதும்; தெருப்பெயர் கேட்கப்படுவதில்லை.